பாதி வெட்டிய படம்

செபமாலைமுத்து ஒரு காலத்தில் தங்கம் தோண்டியவர் என்று லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் யாரிடமாவது சொன்னால் பகிடி விடுகிறீர்களா என்றுதான் கேட்பார்கள். அந்தப் பக்கத்துச் சனத்துக்கு அவர் மீன்கடைக்காரர். விளைமீனையும் பாரையையும் வெட்டி, செதில் தட்டி, நீலப் பையில் போட்டுக் கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்த மனிதர். கடையை விற்றுவிட்டு இப்போது ஞாயிறு பூசை, வெள்ளிக்கிழமை செபக்கூட்டம், இடையில் மகள் றஜீனாவின் வீடு என்று நாளைக் கழிக்கிறார்.

ஆனால் லண்டனுக்கு முன்னால் பாரிஸ். பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் கோப்பை கழுவிய காலத்தில்தான் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அது தொண்ணூறுகளின் தொடக்கம். தென்னமெரிக்காவின் வடக்கில் பிரெஞ்சு கயானா என்றொரு இடம் இருக்கிறது, அங்கே காட்டாற்று மண்ணில் தங்கம் கிடக்கிறதாம், சனம் அள்ளுப்பட்டுப் போகிறதாம் என்று அவருடன் கோப்பை கழுவிய றமணன் ஒருநாள் செய்தி கொண்டுவந்தான். யாழ்ப்பாணத்துப் பெடியன், இருபத்தெட்டு வயது. "அதுவும் பிரான்ஸ்தான் அண்ணை. விசா வேண்டாம், பிளேனிலை ஏறினாச் சரி" என்றான். மனைவி பிலோமினம்மாவையும் சின்னப் பிள்ளையாக இருந்த றஜீனாவையும் பாரிசில் விட்டுவிட்டு, ஒரு வருடம் என்று சொல்லிப் போனவர் ஆறு வருடம் இருந்தார்.

அவரும் றமணனும் போனபோது ஆற்றங்கரையில் நாலு கூடாரம். பிறகு செபமாலைமுத்து மரம் அறுத்து வீடு கட்டினார், தகரம் போட்டார், முன்பக்கத்தில் கடை திறந்தார். அரிசி, ரின் மீன், ரப்பர் சப்பாத்து. அவரைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். கூடாரம் இருந்த இடம் ஊராகியது. காலையில் அவரும் றமணனோடு குழிக்குள் இறங்குவார், பின்னேரம் கடையில் நிற்பார். மதியச் சாப்பாடு மரினாவிடம். பிரேசிலில் இருந்து வந்து குழிக்காரருக்குச் சமைத்துப் போட்டவள். மாதத்துக்கு ஒருமுறை வள்ளத்தில் வரும் கத்தோலிக்கச் சுவாமியார் முன்னால் றமணன் அவளைக் கலியாணம் செய்தான். செபமாலைமுத்துதான் சாட்சி.

அங்கே எடுத்த ஒரு படம் அவரிடம் இருந்தது, கலியாணத்துக்குப் பிறகு எடுத்தது. குழியின் விளிம்பில் மூன்று பேர். இடது பக்கம் செபமாலைமுத்து, கையில் மண் அலசும் கூம்புச் சட்டி. நடுவில் மஞ்சள் நிறப் பிரேசில் பந்தாட்டச் சட்டையோடு றமணன். வலது பக்கம் மரினா, புருசனின் தோளில் கை போட்டபடி.

அடுத்த மழைக்கு அந்தக் குழியின் மண்சுவர் இடிந்தது. றமணனை வெளியே எடுக்கும்போது மூச்சு இல்லை. அவனை ஆற்றங்கரையிலேயே புதைத்துவிட்டு, கயானாவின் கரையோர நகரத்தில் வேலை செய்த மரினாவின் தமையன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகும்வரை காத்திருந்து, பிறகு செபமாலைமுத்து கடையை மூடினார். பாரிசுக்குத் திரும்பும்போது அவர் கொண்டுவந்தது கூம்புச் சட்டியும், தங்கம் நிறுக்கும் சின்னத் தராசும், அந்தப் படமும்.

இந்த மூன்றையும்தான் அவர் போன வருடம் உள்ளூர்க் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார்.

கேட்டு வந்தவர்கள் அவர்கள்தான். இந்தப் பகுதியில் குடியேறியவர்களின் ஞாபகப் பொருள்களை வைத்து ஒரு கண்காட்சி செய்யப்போகிறோம், பொருளோடு கதையும் வேண்டும் என்று கோவில் மண்டபத்தில் வந்து பேசினாள் ஹெலன் என்ற பெண். கலைக்கூடத்தில் அவள்தான் பொறுப்பாளர். இரண்டு பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். செபமாலைமுத்துவின் ஆங்கிலம் மீன் விற்கும் அளவுக்கு மட்டும்தான் போகும். றஜீனா பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். போர்க்காலத்தில் சொந்த ஊரான மன்னாரில் செல் குண்டு விழுந்த கதையைச் சொன்னபோது ஹெலனின் கண் கலங்கியது, பேனா ஓடியது. கயானாவுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று செபமாலைமுத்து நினைத்தார். தண்ணீரைப் பீச்சி மண்ணைக் கரைத்த விதம், சட்டியைச் சுழற்றும்போது அடியில் மின்னும் ஒரு பொட்டு மஞ்சள், றமணன் செத்த நாள், எல்லாவற்றையும் சொன்னார். வெளியாள் ஒருத்தி உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

கண்காட்சி திறந்த சனிக்கிழமை மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவில் இருக்கும் றமணனின் அக்கா சுசிலாவுக்கும் சொல்லியிருந்தார். "உன்ர தம்பியின்ர படம் கண்ணாடிக்குள்ளை வைக்கப்போறாங்கள் பிள்ளை, கட்டாயம் வா."

மண்டபத்தில் நல்ல கூட்டம். கவுன்சிலர் ஒருவர் வந்திருந்தார். தட்டுகளில் பற்றிஸும் ரோல்ஸும் சுற்றி வந்தன. செபமாலைமுத்து தன் கண்ணாடிப் பெட்டியைத் தேடிப் பிடித்தார். சட்டியை நன்றாக மினுக்கி வைத்திருந்தார்கள். கீழே அட்டை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

'பாரம்பரியச் சமையல் சட்டி, இலங்கை. போர்க்காலத்தில் அகதி முகாமில் குடும்பத்துக்கு உணவு சமைக்கப் பயன்பட்டது.'

தன்னுடைய ஆங்கிலத்தில்தான் பிழை என்று நினைத்து இன்னொரு தடவை வாசித்தார். அடி கூராக இருக்கிற சட்டி அது. அடுப்பில் வைத்தால் உருண்டு விழும். அதில் சோறு சமைத்தார்களாம்! பக்கத்தில் தராசு. 'நிவாரண மருந்து நிறுக்கப் பயன்பட்ட தராசு.' அவருக்குக் காது சூடாகியது.

படம் சுவரில் பெரிதாக்கித் தொங்கியது. 'பதுங்குகுழி வெட்டும் தமிழ் விவசாயிகள்.'

அதற்கு முன்னால் சுசிலா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். ஆள் அசையவில்லை. செபமாலைமுத்து கிட்டப் போனதும் திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணை, என்ர தம்பி எப்ப பங்கர் வெட்டினவன்?"

"பிழையா எழுதிப்போட்டாங்கள் பிள்ளை. நான் இப்ப…"

"அது போகட்டும். மரினா எங்கை?"

அப்போதுதான் அவர் பார்த்தார். படத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். வலது பக்கத்தை நேராக வெட்டியிருந்தார்கள். றமணனின் மஞ்சள் சட்டையின் தோளில் நாலு விரல் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த விரலுக்குரிய ஆள் இல்லை.

சுசிலா மரினாவை நேரில் கண்டதில்லை. ஆனால் தம்பி செத்த காலத்தில் இருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு அவளுடன் தொலைபேசியில் பேசுகிறவள். இவளுக்குப் போர்த்துக்கேயமும் கயானாவில் அவள் பழகிய பிரெஞ்சும் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் அவரவர் பாஷையில் இரண்டு வசனம் சொல்லி, பிறகு அழுதுவிட்டு வைப்பார்கள். "என்ர மச்சாளைக் கொண்டுபோய் எங்கை எறிஞ்சவை?" என்றாள் சுசிலா.

அந்த நேரம் பார்த்து ஹெலன் ஒலிவாங்கியைத் தட்டினாள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிறகு, போரின் கொடுமையைத் தாங்கி, வெறும் ஒரு சமையல் சட்டியோடு இந்த நாட்டுக்கு வந்த திரு முத்து நம்மிடையே இருக்கிறார், அவருக்குக் கைதட்டுவோம் என்றாள்.

கைதட்டினார்கள். கவுன்சிலர் அவரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

"நோ!" என்றார் செபமாலைமுத்து.

சந்தையில் மீன் ஏலம் எடுத்த குரல் அது. கைதட்டல் நின்றது. "நொட் குக்கிங்! கோல்ட்! இட் இஸ் ஃபோர் கோல்ட்!" என்று தொடங்கினார். ஆங்கிலம் அவ்வளவோடு முடிந்தது. பிரெஞ்சில் கொஞ்சத் தூரம் போனார். அதுவும் கோபத்துக்குக் காணவில்லை. கடைசியில் தமிழுக்கே வந்தார்.

"நான் சட்டியோடை ஓடிவந்தனான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? நான் தங்கம் தோண்டினனான்! காட்டுக்குள்ளை ஒரு ஊரை உண்டாக்கினனான்! இந்தப் பெடியன் பங்கருக்குள்ளை சாகேல்லை, தங்கக் குழிக்குள்ளை செத்தவன். அவன்ர பெண்சாதியை வெட்டி எறிஞ்சுபோட்டு எனக்குக் கை தட்டுறியளோ?"

கூட்டத்தில் இருந்த தமிழர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். மற்றவர்கள், கிழவர் போர் ஞாபகத்தில் உடைந்துவிட்டார் என்று நினைத்து இரக்கத்தோடு பார்த்தார்கள். அந்த இரக்கம்தான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கொதித்தது. ஒரு பெண் வந்து அவர் முதுகைத் தடவினாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

ஹெலன் ஓடிவந்தாள். முகம் சிவந்திருந்தது. பார்வையாளருக்கு ஒரே ஒரு தெளிவான கதைதான் மனத்தில் நிற்கும், அதனால் சுருக்கினோம், ஆனால் எல்லாவற்றையும் குடும்பத்துக்கு அனுப்பிச் சம்மதம் வாங்கித்தானே செய்தோம் என்றாள். சொல்லிவிட்டு றஜீனாவைப் பார்த்தாள்.

செபமாலைமுத்துவும் மகளைப் பார்த்தார். றஜீனா கையில் இருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு, "வீட்டை போய்க் கதைப்பம் அப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் குசினி மேசையில் உட்கார்ந்தார்.

"சொல்லு."

"அவை கேட்டது அகதிக் கதை அப்பா. தங்கம், காடு எண்டெல்லாம் சொன்னா அந்தக் கண்காட்சிக்குச் சரிவராது எண்டு ஹெலன் சொன்னவ. உங்கட பேர் வந்தாக் காணும் எண்டு நினைச்சு ஓம் எண்டு போட்டன்."

"படத்தை ஆர் வெட்டினது?"

றஜீனா மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள்.

"ஆர் வெட்டினதெண்டு கேக்கிறன்."

"நான்தான் வெட்டச் சொன்னனான்." அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. "பின்னை என்ன செய்யச் சொல்லுறியள்? அம்மா செத்து ரெண்டு வருசம் ஆகேல்லை. ஊர்ச்சனம் எல்லாம் வந்து பாக்கிற இடத்திலை நீங்கள் உங்கட… அந்த மனுசியோடை நிக்கிற படத்தை மாட்டுறதோ? அம்மா ஒருநாளும் அந்தப் படத்தைப் பாக்கேல்லை. சுவரிலை கொளுவ விடேல்லை. றமணன் மாமாவின்ர பெண்சாதி எண்டு சபையிலை கத்தினா எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? ஆறு வருசம் நாங்கள் ரெண்டு பேரும் பாரிசிலை தனிய இருந்தனாங்கள்."

செபமாலைமுத்து கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். கோபத்தின் மேல் கோபமாக ஏறியதில் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

"அந்த மனுசியோ? மரினா என்ர மனுசியோ?" என்றார். "அவள் றமணன்ர பெண்சாதியடி! சுவாமியாருக்கு முன்னாலை தாலி மாதிரி மோதிரம் மாத்தின பெண்சாதி! நான் அவனுக்குத் தமையன் இடத்திலை நிண்டு செய்துவைச்ச கலியாணம். உன்ர அம்மாவுக்கு எல்லாம் தெரியும். மரினாவுக்கு முதல் சீலை வாங்கிப் பாரிசிலை இருந்து பார்சலிலை அனுப்பினதே அவதான்."

"அப்ப ஏன் அம்மா…"

"பாரிசிலை எங்கட வீட்டு மேசையிலை இருந்து சாப்பிட்ட பெடியன். உன்னைத் தோளிலை தூக்கிக்கொண்டு திரிஞ்சவன். அவன் மண்ணுக்குள்ளை மூச்சு முட்டிச் செத்தவன். அவன் சிரிச்சுக்கொண்டு நிக்கிற படத்தை உன்ர அம்மாவாலை பாக்க ஏலாது. அதுக்காகத்தான் கொளுவ விடேல்லை. நீ என்னத்தை நினைச்சு வைச்சிருக்கிறாய்? இவ்வளவு காலமும் உன்ர தகப்பனைப் பற்றி இதைத்தான் நினைச்சு வைச்சிருந்தனியோ?"

றஜீனா அழுதாள். அவர் அழவிட்டார். தேற்ற மனம் வரவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே, தான் வளர்த்த பிள்ளையின் மனத்துக்குள்ளேயே, தன்னைப் பற்றி ஒரு பொய் அட்டை தொங்கியிருக்கிறது. கலைக்கூடத்துக்காரியாவது வெளியாள்.

திங்கட்கிழமை அவர் சுசிலாவையும் கூட்டிக்கொண்டு ஹெலனிடம் போனார். றஜீனா கூப்பிடாமலே பின்னால் வந்தாள். வந்தவளை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே.

ஹெலன் மன்னிப்புக் கேட்டாள். அட்டையை மாற்றலாம், 'வெளிநாட்டில் சில காலம் வேலை செய்தவர்' என்று போடலாமா என்று கேட்டாள்.

"பாரிசிலை கோப்பை கழுவினவனும் வெளிநாட்டிலை வேலை செய்தவன்தான்" என்றார் செபமாலைமுத்து. "தங்கம் தோண்டினவர் எண்டு போடுறதிலை என்ன கஷ்டம்?"

தங்கச் சுரங்கம் காட்டை அழிக்கிறது, ஆற்றில் பாதரசம் கலக்கிறது, இன்றைக்கு அது மிகவும் உணர்வுபூர்வமான விஷயம், பார்வையாளர் முகம் சுழிப்பார்கள் என்றாள் ஹெலன்.

"சுழிக்கட்டும். அதையும் எழுதுங்கோ. பாதரசம் ஊத்தினனாங்கள்தான், ஆறு பழுதாப்போனதுதான். நான் நல்லவன் எண்டு எழுதச் சொல்லேல்லையே. நடந்ததை எழுதச் சொல்லுறன். நீங்கள் இரக்கப்படுறதுக்குத் தோதா என்னை வெட்டித் தைக்கிறதுக்கு நான் என்ன உங்கட சட்டைத் துணியோ?"

றஜீனா அதை அப்படியே மொழிபெயர்த்தாள். கடைசி வசனத்தை மட்டும் மென்மையாக்குவாள் என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் துணி என்ற சொல் ஆங்கிலத்தில் தெளிவாக விழுந்தது.

மேலிடத்தில் பேசிவிட்டு அறிவிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டியில் வேறு யாருடையதோ தையல் மெஷின் இருந்தது. சுவரில் படம் இல்லை. விசாரித்தபோது, அவருடைய பொருள்கள் இந்தக் கண்காட்சியின் கருவுக்குப் பொருந்தவில்லை, ஆகவே களஞ்சியத்துக்கு எடுத்து வைத்திருக்கிறோம் என்றார்கள்.

செபமாலைமுத்து அந்தத் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றார். பொய்யாக இருந்தவரைக்கும் அந்தச் சட்டிக்கு வெளிச்சமும் கண்ணாடியும் இருந்தன. உண்மை இன்னது என்று சொன்ன உடனே அதற்கு இடமில்லை. அப்படியென்றால் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். அன்பளிப்பாக எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்றார்கள். "வைக்கவும் மாட்டியள், தரவும் மாட்டியளோ?" என்று அவர் போட்ட சத்தத்தில் காவலாளி எட்டிப் பார்த்தான்.

இதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. சுசிலாவுக்குத் தெரிந்திருந்தது. சாதாரணமாக வாய் திறக்காத மனுசி. பிளேஸ்டோவில் இருந்து ரயிலும் பேருந்தும் மாறி மாறி ஏறி வந்து, கலைக்கூடத்தின் வரவேற்பு மேசைக்கு முன்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹெலன் வந்ததும், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். படத்தில் இருப்பவன் என் தம்பி. செத்தவன். அவனைப் பற்றிப் பொய் எழுதி ஊருக்குக் காட்ட நான் உனக்கு அனுமதி தரவில்லை. அவரும் அவருடைய மகளும் கொடுத்திருக்கலாம், நான் தரவில்லை. படத்தைத் தா. சொல்லிவிட்டு அங்கேயே இருந்தாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் றஜீனா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பாடும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

செத்தவரின் குடும்பம் வாசலில் இருக்கிறது என்பது எங்கே போய்ச் சுட்டதோ, மாதம் முடிவதற்குள் மேலிடம் சம்மதித்தது. மூன்று பொருள்களும் பெட்டி கட்டி வீட்டுக்கு வந்தன. கையெழுத்து வைத்து வாங்கியதும் செபமாலைமுத்து முதலில் படத்தைத்தான் எடுத்தார். மூலப் படத்தில் யாரும் கை வைக்கவில்லை. மரினா முழுதாக இருந்தாள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அன்று பின்னேரமே அதைச் சுசிலாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவள் படத்தைத் தொலைபேசியில் பிடித்துக் கயானாவுக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. திரையில் மரினாவின் முகம் தெரிந்தது. நரைத்திருந்தாள். றஜீனா பாரிசில் படித்த பிள்ளை, அவளுடைய பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு. அவள்தான் பேசினாள். தன் பெயரைச் சொன்னாள், படத்தை வெட்டச் சொன்னது நான்தான் என்றாள். மரினா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைப் பற்றி றமணன் நிறையச் சொல்லுவான் என்று மட்டும் சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் றஜீனா, "அப்பா, இன்னும் கோவமோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றார் அவர். அது பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியை ஒழுங்கு செய்யும்போதுதான் அடியில் கிடந்த வாழ்த்து அட்டையை றஜீனா கண்டாள். பூப்போட்ட அட்டை. கலைக்கூடத்தின் பெயர். உள்ளே ஹெலனின் கையெழுத்து. அவள் வாசித்தாள். முகம் மாறியது.

"என்னவாம்?"

"வாசிக்கிறன் கேளுங்கோ. 'அன்புள்ள திரு முத்து, உங்களுடைய அகதிப் பயணத்தை எங்களுடன் பகிர்ந்ததற்கு மனமார்ந்த நன்றி. உங்களுடைய குடும்பச் சமையல் சட்டியைப் பாதுகாப்பாகத் திருப்பி அனுப்புகிறோம்.'"

செபமாலைமுத்து வாயைத் திறந்தார். ஆனால் அவருக்கு முன்னால் றஜீனா கத்திவிட்டாள்.

"சமையல் சட்டியாம்! இவ்வளவு சொல்லியும் சமையல் சட்டியாம்! ரெண்டு பின்னேரம் இருந்து கேட்டவ, மூண்டு நாள் வாசலிலை இருந்து சொன்னனாங்கள், இன்னும் சமையல் சட்டியோ?" அட்டையை மேசையில் அறைந்தாள். தொலைபேசியை எடுத்தாள். ஹெலன் கிடைக்கவில்லை, செய்தி விடச் சொன்னது. றஜீனா விட்டாள். ஆங்கிலத்தில், மூச்சு விடாமல், குசினிக்கும் முன்னறைக்கும் இடையில் நடந்தபடி. என் தகப்பன் தங்கம் தோண்டியவர் என்றாள். அந்தச் சட்டியில் யாரும் ஒரு பருக்கை சோறும் சமைக்கவில்லை என்றாள். கயானாவில் ஒரு ஊரையே கட்டி எழுப்பியவர், அங்கே ஆறு வருடம் இருந்து கடை வைத்தவர், அமேசன் ஆற்றங்கரையில்…

தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த செபமாலைமுத்து குசினியில் இருந்து தலையை நீட்டினார்.

"அமேசன் இல்லையடி! மரோனி! மரோனி ஆறு!"

றஜீனா நின்றாள். "சொறி" என்றாள் தொலைபேசிக்கு. "மரோனி." பிறகு அவள் அதை எழுத்துக் கூட்டிச் சொல்லத் தொடங்கினாள்.